முத்துக்குளித்துறைச் சமையலில் இஞ்சியும் மசாலாப் பொருட்களும்

முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையில் இஞ்சி, சுக்கு, மிளகு, மஞ்சள், சீரகம், வெந்தயம், பட்டை, கிராம்பு முதலியவை சுவைக்காக மட்டுமன்றி உடல்நலம் கருதியும் உணவில் சேர்க்கப்படுகின்றன. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழு ஊர்களும் இக்கரையின் பழைய பரதவர் துறைகள். இவற்றுக்கு இடையே காயல்பட்டினம் என்னும் முஸ்லிம் வணிக ஊரும், திருச்செந்தூர் என்னும் கோயில் ஊரும் உள்ளன. ஒரே கடலை ஒட்டி வாழ்ந்தாலும் இவர்களின் அடுப்படிகளில் இஞ்சிக்குக் கிடைக்கும் இடம் ஒன்றல்ல. சில உணவுகளில் அது முதன்மைப் பொருள். சிலவற்றில் அறவே கிடையாது. எந்த உணவில் எதற்காக இஞ்சி சேர்கிறது, அதனால் உடலுக்கு என்ன பயன், எந்த நம்பிக்கை ஆபத்தில் முடியக்கூடும் என்பவை தனித்தனியே பார்க்க வேண்டியவை.

வரலாறு

இஞ்சி இக்கரையில் விளையும் பயிர் அல்ல. அதற்கு நல்ல மழையும் ஈரம் காக்கும் மண்ணும் ஓரளவு நிழலும் வேண்டும். உப்பளங்களும் பனங்காடுகளும் உடைய தூத்துக்குடியின் வறண்ட மணற்பாங்கான நிலம் அதற்கு ஏற்றதல்ல. மிளகும் ஏலமும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்தும், கடல் வழியாக இலங்கையிலிருந்தும் வந்த சரக்குகளே இங்கே சமையலாயின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் விவரிக்கிறார். கொல்லத்தில் விளைந்த நல்ல இஞ்சி அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். முத்து கிழக்குக் கரையிலும் இஞ்சி மேற்குக் கரையிலும் கிடைத்தன. இரண்டையும் ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் ஒரே கடல்வழியில் ஓடிய கப்பல்கள்.

ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் இஞ்சியைக் குறிக்கும் சொற்கள் கிரேக்க, இலத்தீன் வடிவங்களிலிருந்து வந்தவை. அவற்றுக்கு மூலமான பாலி, சமஸ்கிருதச் சொற்களுக்கு அடியில் இருப்பது 'இஞ்சிவேர்' என்னும் திராவிடச் சொல்லே என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். சிஞ்சிபெர் அஃபிசினாலே என்ற தாவரவியல் பெயரிலும் அதன் சாயல் கேட்கிறது. சமையலில் நாம் வேர் என்று சொல்லும் பகுதி உண்மையில் வேர் அல்ல, நிலத்தடித் தண்டு.

மிளகாயின் வரவு இக்கரையின் சமையலை மாற்றிய பெரிய நிகழ்வு. அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய அந்தச் செடி 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதே நூற்றாண்டின் 1530களில்தான் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இங்கு வந்தார். அதற்கு முன்பு உணவின் காரம் மிளகிலிருந்தும் இஞ்சியிலிருந்தும் திப்பிலியிலிருந்துமே கிடைத்தது. புதிதாக வந்த காய்க்கு 'மிளகாய்' எனப் பெயரிட்டதே பழைய காரம் எது என்பதைக் காட்டிவிடுகிறது. மிளகாய் தோட்டத்திலேயே விளைந்தது, விலையும் குறைவு. அதனால் அன்றாடக் குழம்பில் மிளகின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. மிளகும் இஞ்சியும் ரசம், நண்டுச் சாறு, பத்திய உணவு, விருந்து ஆகியவற்றோடு நின்றன.

மீன் குழம்பில் இஞ்சி

வெளியூர்க்காரர் பலரும் மீன் என்றாலே இஞ்சி பூண்டு விழுது என்று எண்ணுவர். ஆனால் இக்கரையின் பல வீடுகளில் அன்றாட மீன் குழம்புக்கு இஞ்சி சேர்ப்பதில்லை. மிளகாய் வற்றல், மல்லி, மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம், தேங்காய் ஆகியவற்றை அம்மியில் மைய அரைத்துப் புளிக்கரைசலில் கூட்டுவதே வழக்கம். நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்தால் குழம்பின் மணம் முழுமையாகிறது. காலையில் கரைக்கு வந்த சாளையோ விளமீனோ மதியம் சட்டிக்குப் போகும்போது மறைப்பதற்கு வாடையே இருப்பதில்லை. மீனின் சொந்தச் சுவையைக் கெடுக்காமல் விடுவதுதான் கைப்பக்குவம்.

இதற்கு வேதியியல் விளக்கமும் உண்டு. கடல் மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்னும் பொருள் இயல்பாக இருக்கிறது; அதற்கு மணமில்லை. மீன் இறந்த பின் நுண்ணுயிரிகள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் மீன்வாடை என்பது பெரிதும் இதைத்தான். இது காரத்தன்மை உடையது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ பட்டதும், ஆவியாகாத உப்பாக மாறிவிடுகிறது. ஆகவே வாடையை அடக்கும் வேலையைப் புளியே செய்துவிடுகிறது. இஞ்சி செய்வது வேறு: தன் மணத்தால் வாடையை மூடுகிறது.

பொரிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் இஞ்சி பூண்டு அரைத்துத் தடவுவது உண்டு. அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பச்சை இஞ்சியில் சிஞ்சிபெய்ன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தைச் சிதைக்கும். முற்றிய ஆட்டிறைச்சியை மென்மையாக்க இது நல்ல உதவி. மென்மையான மீனிலும் இறாலிலும் நெடுநேரம் ஊறவிட்டால் சதை குழைந்து, எண்ணெயில் போட்டதும் உதிரும். கல்லில் ஒட்டிய மீனுக்குச் சட்டியைக் குறை சொல்பவர்கள் ஊறவைத்த நேரத்தையும் கவனிக்கலாம். இஞ்சி டீயில் பால் திரிவதற்கும் இதே நொதி காரணமாகலாம். இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு நொதி செயலிழந்த பிறகு பால் ஊற்றினால் திரியாது.

சுறாப் புட்டு

இஞ்சி இல்லாமல் முடியாத கடல் உணவு சுறாப் புட்டு. சுறாவும் திருக்கையும் மற்ற மீன்களைப் போன்றவை அல்ல. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க இவை தம் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கின்றன. இறந்த பின் நுண்ணுயிரிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த நெடிக்கு இதுவே காரணம். ஆகவே சுறாவை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தோலுரித்து, பிழிந்து, விரலால் உதிர்க்கிறார்கள். பிறகு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கணிசமான இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்கி, உதிர்த்த சுறாவைக் கொட்டிக் கிளறுகிறார்கள். வேகவைத்த நீரைக் கொட்டும்போது யூரியாவின் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. மிச்ச நெடியை இஞ்சியும் பூண்டும் மூடுகின்றன.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது கடற்கரை முழுவதும் உள்ள நம்பிக்கை. பேறுகாலத் தாய்க்குப் புரதம் மிகுந்த, எளிதில் மெல்லக்கூடிய உணவு கிடைக்க இது ஒரு வழியாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கடலின் உணவுச் சங்கிலியில் மேல்நிலையில் உள்ள பெரிய சுறாக்களின் சதையில் மெத்தில் பாதரசம் சேர்கிறது. வளரும் சிசுவின் நரம்பு மண்டலத்தை அது பாதிக்கும். கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்குமாறு பல நாடுகளின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. பாதரசம் வேகவைத்தாலோ இஞ்சி சேர்த்தாலோ நீங்குவதில்லை. குட்டிச் சுறாவில் அதன் அளவு பொதுவாகக் குறைவு. சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களில் இன்னும் குறைவு; விலையும் மலிவு, சத்திலும் சளைத்தவை அல்ல. அதே இஞ்சி, பூண்டு, வெங்காயத்தோடு நெத்திலியையும் புட்டாகச் செய்யலாம்.

காயல்பட்டினத்தின் விருந்தும் நோன்புக் கஞ்சியும்

காயல்பட்டினத்தின் சமையலில் இஞ்சி தாராளமாகப் புழங்குகிறது. திருமண விருந்தில் பரிமாறப்படும் களறிக் கறியிலும் நெய்ச்சோற்றிலும் இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவை அடிப்படைப் பொருட்கள். ரமலான் மாத நோன்புக் கஞ்சியில் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் ஆகியவை சேர்ந்து குழைய வேகின்றன. பகல் முழுவதும் காலியாக இருந்த வயிற்றுக்கு எண்ணெய்ப் பலகாரத்தைவிட இத்தகைய நீர்த்த, மிதமான காரமுள்ள உணவு இதமானது. நோன்பு திறப்பவர்கள் வடையையும் சமோசாவையும் கூடவே எடுத்துக்கொள்வது வேறு கதை.

இலங்கையோடும் மாலத்தீவோடும் இருந்த வணிகத் தொடர்பு இவ்வூரிலும் தூத்துக்குடியிலும் மாசியைப் பழக்கப்படுத்தியது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டை போல உலர்த்தியதே மாசி. இடித்த மாசியுடன் தேங்காய், மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்துச் செய்யும் சம்பல் சோற்றுக்கும் ஆப்பத்துக்கும் துணை. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

சொதியும் இஞ்சியும்

தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகையால் நெல்லைச் சைவ வேளாளர் வீட்டுச் சொதி இங்கும் அறிமுகமான விருந்து. திருமணத்தை ஒட்டிய மறுவீட்டு விருந்தில் இது கட்டாயம் இடம்பெறும். பாசிப்பருப்பு, முதல் பால் இரண்டாம் பால் என எடுத்த தேங்காய்ப்பால், காய்கறிகள், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவையே இதன் கூட்டு. புளி கிடையாது, இறக்கிய பின் எலுமிச்சை பிழிவார்கள். இஞ்சியைச் சாறாகவோ விழுதாகவோ சேர்ப்பது வழக்கம். இலையில் இதற்குத் துணையாக வருவதும் இஞ்சிப் பச்சடி அல்லது இஞ்சித் துவையல்தான். புளியும் வெல்லமும் சேர்ந்த அதன் காரம், தேங்காய்ப்பாலின் திகட்டலை முறிக்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றில் மந்தமாக நிற்கும், இஞ்சி அதை நகர்த்தும் என்பது பழைய கணக்கு. இரைப்பை காலியாகும் வேகத்தை இஞ்சி கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகளும் காட்டியுள்ளன.

எப்போது சேர்ப்பது

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்னும் பொருள். இஞ்சியை வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி சிஞ்சரோனாக மாறுகிறது; இதில் காரம் குறைவு, இனிய மணம் அதிகம். இஞ்சியை உலர்த்திச் சுக்காக்கும்போது ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் 'ஷோகா' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட ஏறத்தாழ இருமடங்கு. இஞ்சிக்குப் பதிலாக அதே அளவு சுக்குப்பொடியைப் போட்டவர்கள் இதை நாக்கில் அறிந்திருப்பார்கள்.

ஆகவே ஒரே இஞ்சி, சேர்க்கும் நேரத்தைப் பொறுத்து வேறு வேறு பொருளாகிறது. தொடக்கத்திலேயே எண்ணெயில் வதக்கினால் கறியோடு கரைந்த மென்மையான மணம் கிடைக்கும். இறக்கும்போது நறுக்கிப் போட்டாலோ சாறு பிழிந்தாலோ உறைப்பு முன்னே நிற்கும். சொதியில் சிலர் பாதி இஞ்சியை வேகும்போதும் மீதியை இறுதியிலும் சேர்ப்பது இரண்டையும் பெறத்தான். பூண்டு நசுங்கினால்தான் அதன் மணப்பொருளான அல்லிசின் உருவாகும். முழுப் பல்லாக வேகும் பூண்டு இனிப்பாக இருப்பது அதனால்தான். பட்டை, கிராம்பு, பெருஞ்சீரகம் ஆகியவற்றின் மணப்பொருட்கள் நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. தாளிப்பது அதற்காகவே. வெந்தயம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும்: பொன்னிறத்தில் மணக்கும், ஒரு நொடி தாண்டினால் குழம்பு முழுவதும் கசக்கும்.

சுக்கும் கருப்பட்டியும்

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய சாமியில்லை என்பது பழமொழி. திருச்செந்தூர் இக்கரையிலேயே இருப்பதால் இரண்டு பாதியும் இங்கே பொருந்துகின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று இதே பெயரைத் தாங்கியுள்ளது. ஏலாதி என்னும் மற்றொரு நூலின் பெயரும் மருந்துப் பெயரே. அம்மருந்தில் ஏலம் ஒரு பங்கு, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 பங்கு எனக் கணக்கிடுவர். ஆறு சரக்குகளில் சுக்கே மிகுதி. அற நூல்களுக்கு மருந்துகளின் பெயர் இட்டது, அன்றைய படிப்பாளிகளுக்கு அவை எவ்வளவு பழக்கமானவை என்பதைச் சொல்கிறது. சித்த மருத்துவ முறையில் சுக்கின் மேல்தோலைச் சீவிய பிறகே பயன்படுத்துவர்.

சுக்குக்கு இங்கே இணைபிரியாத துணை பனங்கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. சுக்கும் ஏலமும் இடித்துச் சேர்த்த கருப்பட்டி வகைகளும், சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பியும் இப்பகுதியின் அடையாளங்கள். தொண்டைக் கரகரப்புக்கும் மழைக்காலச் சளிக்கும் இந்தக் காப்பி இதம் தரும். ஆனால் கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கில்லாதது என்ற பேச்சு தவறானது. அதில் சிறிதளவு தாதுக்கள் இருந்தாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும். அவர்கள் சுக்குக் காப்பியை இனிப்பில்லாமல் குடிப்பதே சரி.

மருத்துவச் சான்றுகள்

இஞ்சியின் பயன்களில் உறுதியாக நிலைநாட்டப்பட்டது குமட்டலைக் குறைப்பது. கருவுற்ற தொடக்க மாதங்களில் வரும் குமட்டலுக்கு இஞ்சியையும் ஒரு வழியாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்பு வழிகாட்டுதலில் சேர்த்துள்ளது. கடற்கரைக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 1988இல் டென்மார்க்கில் கடற்பயணம் பழகாத 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கொந்தளித்த கடலில் ஒரு கிராம் இஞ்சிப்பொடி உட்கொண்டவர்களுக்கு, போலி மருந்து உட்கொண்டவர்களைவிட வாந்தியும் குளிர்வியர்வையும் குறைவாக இருந்தன. குமட்டலிலும் தலைச்சுற்றலிலும் வேறுபாடு அவ்வளவு தெளிவாக இல்லை. 14ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா, சீனக் கப்பல்களில் மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்ததாக எழுதியுள்ளதும் இங்கு நினைக்கத்தக்கது.

மஞ்சளைப் பற்றிப் பரவியுள்ள செய்திகளைச் சற்று அடக்கிக் கேட்க வேண்டும். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் பல வேலைகள் செய்கிறது. உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு கூடியதாகப் பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதில் கொடுக்கப்பட்ட குர்குமின் 2 கிராம். மஞ்சளில் அதன் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான் என்பதால், குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டி மஞ்சளுக்கு அதே பலனை எதிர்பார்க்க இயலாது.

பட்டையிலும் வேறுபாடு உண்டு. தாள் தாளாகச் சுருண்ட, எளிதில் உடையும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா இனம். அதில் கூமரின் அதிகம், மிகுந்த அளவில் நாள்தோறும் உண்டால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். சால்னாவில் போடும் ஒரு துண்டால் கேடில்லை. சர்க்கரை குறையும் என்று கேள்விப்பட்டுத் தினமும் தேக்கரண்டிக் கணக்கில் பொடியாக விழுங்குபவர்களே கவனிக்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும் இஞ்சியை மருந்தளவில் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது. உணவில் சேரும் அளவு பொதுவாகச் சிக்கலானதல்ல.

கெட்ட மீனும் மசாலாவும்

மீன் சற்று நாள்பட்டிருந்தால் இஞ்சியும் பூண்டும் மிளகும் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. சூரை, சீலா, ஐலா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் நுண்ணுயிரிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனை உண்டால் சில நிமிடங்களில் இருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு தோன்றும். பலர் இதை மீன் ஒவ்வாமை என்றே நினைத்துக்கொள்கின்றனர். ஒருமுறை உருவான ஹிஸ்டமினை வேகவைத்தோ பொரித்தோ உறைய வைத்தோ அழிக்க முடியாது. புளியும் இஞ்சியும் வாடையை அடக்குவதால், கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அறிகுறியும் மறைந்துவிடுகிறது. வாடை வராத மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்பவும் முடியாது. படகில் தொடங்கி அடுப்பங்கரை வரை ஐஸ் விடாமல் இருந்ததா என்பதே முக்கியம். செவுள் சிவந்து, கண் தெளிந்து புடைத்து, விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும் மீனே வாங்கத் தக்கது.

மசாலாப் பொருட்களும் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் விரைவில் கெடும். மிளகாய், மல்லி, சுக்கு ஆகியவற்றில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உருவாகலாம். வெயிலில் காயவைப்பதால் அது நீங்காது. மஞ்சள்பொடிக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி பல இடங்களில் பிடிபட்டுள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. விரலி மஞ்சளை முழுதாக வாங்கி அரைத்துக்கொண்டால் இந்தக் கவலை பெருமளவு குறையும். வீட்டில் அரைத்த இஞ்சி பூண்டு விழுதில் எண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையிலேயே வைப்பதையும் தவிர்க்க வேண்டும். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் போட்டுலிசம் நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்புண்டு. அதைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நெடுநாள் வேண்டுமானால் சிறு கட்டிகளாக உறைய வைத்துக்கொள்ளலாம்.